ஏஐ-கிட்ட கேளுங்க... முடிவை நீங்க எடுங்க!

லீவ் லெட்டர்ல ஆரம்பிச்சு ஹோம் லோன் வரைக்கும் இப்போ எல்லாத்துக்கும் சாட்ஜிபிடிதான். தாராளமா கேளுங்க தங்கச்சிங்களா, வேண்டாம்னு அக்கா சொல்லமாட்டேன். ஆனா, யோசிக்கிற வேலையையும் சேர்த்து அதுகிட்ட ஒப்படைச்சிடாதீங்க. அதுக்குத்தான் இந்த டிப்ஸ்!

1. முதல்ல உங்க பதில்: வேலை மாறலாமா, எந்த லோன் எடுக்கலாம்னு கேக்கப்போறீங்களா? அதுக்கு முன்னாடி, உங்களுக்கு எது சரின்னு படுது, ஏன்னு ரெண்டு வரி நோட்டுல எழுதிடுங்க. ஏஐ பதிலைப் படிச்சதும் ‘நானும் அதைத்தானே நினைச்சேன்’னு தோணும். நிஜமாவே நினைச்சீங்களான்னு அந்த ரெண்டு வரி சொல்லிடும்.

2. ‘சரிதானே?’ வேண்டாம்: நாம எந்தப் பக்கம் சாயறோமோ, ஏஐ-யும் பெரும்பாலும் அந்தப் பக்கமே தலையாட்டும். 2025 ஏப்ரல்ல சாட்ஜிபிடி ஓவரா ஜால்ரா போடுதுன்னு புகார் கிளம்பி, ஓப்பன்ஏஐ நிறுவனமே அந்த அப்டேட்டை வாபஸ் வாங்குச்சு. அதனால, ‘இந்தத் திட்டத்துல என்ன ஓட்டை இருக்கு?’ன்னு மாத்திக் கேளுங்க.

3. மூலத்தைத் திறந்து பாருங்க: நியூயார்க்ல ரெண்டு வக்கீல்கள், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளைச் சரிபார்க்காம கோர்ட்டுல தாக்கல் பண்ணிட்டாங்க. அதுல பல தீர்ப்புகள் வந்ததே இல்லை, வெறும் கற்பனை! ‘இது நிஜ வழக்கா?’ன்னு அதுகிட்டயே கேட்டதுக்கும் ஆமாம்னுதான் சொல்லியிருக்கு. 2023 ஜூன்ல 5,000 டாலர் அபராதம் விழுந்தது வக்கீல்களுக்குத்தான். வட்டி விகிதமா, பேங்க் வெப்சைட்டைப் பாருங்க. விண்ணப்பக் கடைசி தேதியா, அரசு அறிவிப்பையே திறந்து பாருங்க.

4. மாத்திரை விஷயத்துல விளையாட்டு வேண்டாம்: டோஸைக் கூட்டுறது, குறைக்கிறதெல்லாம் டாக்டர் சொல்லித்தான். லேப் ரிப்போர்ட் புரியலைன்னா, ‘டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்?’னு ஏஐ-கிட்ட ஒரு லிஸ்ட் வாங்கிட்டுப் போங்க. உருப்படியா இருக்கும்.

5. கைப்பழக்கத்தை விடாதீங்க: பெருங்குடல் எண்டோஸ்கோப்பி பண்ற போலந்து டாக்டர்களைப் பத்தி 2025-ல ஓர் ஆய்வு வந்துச்சு. நல்ல அனுபவசாலிங்க. ஏஐ உதவி வந்த பிறகு, அது இல்லாம அவங்க செஞ்ச பரிசோதனைகள்ல கட்டியைக் கண்டுபிடிச்ச விகிதம் 28.4 சதவிகிதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியிருந்துச்சு. ஏஐ மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனாலும் உஷாரா இருக்கலாமே. மாச பட்ஜெட், முக்கியமான மெயில்னு ரெண்டு மூணு வேலையை உங்க கையாலயே செய்ங்க.

6. கடைசியா ஒரு டெஸ்ட்: போனைக் கவுத்து வெச்சிட்டு, ஏன் இந்த முடிவுன்னு வீட்டுல யாருக்காவது விளக்கிப் பாருங்க. ‘ஏஐ சொல்லுச்சு’ன்றதைத் தவிர வேற காரணம் வாயில வரலையா? கையெழுத்தை நாளைக்குப் போட்டுக்கலாம்!