பனிக்காலம் வருமுன் மலைநாட்டுப் பயிர்செய்வோர் அறியவேண்டியன

ஐப்பசி மாதத்து வானிலை மலைநாட்டுக் கமக்காரரை எளிதில் ஏமாற்றவல்லது. முற்பகலில் நல்ல வெயில். பிற்பகலில் இடியுடன் மழை. இரவில் முகில் மூடிக்கிடப்பதால் குளிரும் அதிகமில்லை. இவ்விதமான நாட்களை நம்பிப் போஞ்சி விதைப்போரும், காலந்தாழ்த்தி உருளைக்கிழங்கு நடுவோரும் ஆண்டுதோறும் உளர். கடன்பட்டு வாங்கிய விதைக்கிழங்கும் மூன்று மாத உழைப்பும் தை மாதத்து ஓரிரவிலே கருகிப்போதல் கூடும். ஆதலின், வெப்பம் தணிந்து குளிர் ஏறும் முறையை இப்பொழுதே தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

ஒக்டோபர், நவம்பர் ஆகிய இரண்டும் இடைப்பருவ மழைக்குரிய மாதங்கள். வங்கக் கடலிற் புயல் தோன்றுவதும் பெரும்பாலும் இக்காலத்திலேதான். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலோடு வந்த பெருமழையால் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் நேர்ந்தமையை எவரும் மறந்திரார். ஆகவே சரிவு நிலங்களில் வடிகால்களைத் துப்புரவாக்குவதே இப்பருவத்தின் முதல் வேலை. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைபெறும். அப்பொழுது குளிர் ஏறுமாயினும், முகிலும் தூறலும் இருக்கும்வரை உறைபனி விழுவது அரிது. சனவரியில் மழை குறைந்து, வறண்ட காற்று வீசி, வானம் துலக்கமான பின்னரே உண்மையான இடர் தொடங்குகிறது. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்னும் பழமொழி நம் மலைகளுக்கும் நன்றாய்ப் பொருந்தும்.

பகலில் வெயிலைப் பெற்ற நிலம் இரவில் அவ்வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. முகில் இருப்பின் அது போர்வைபோல் நின்று வெப்பத்தைத் தடுக்கும், முகிலில்லையெனில் தடையில்லை. காற்றும் அசையாதிருந்தால், நிலத்தை ஒட்டிய காற்று மிகக் குளிர்ந்து, கனத்து, வாய்க்கால் நீரைப்போலச் சரிவின்வழி இறங்கிப் பள்ளத்திலே தேங்கும். நுவரெலியாவின் குதிரைப் பந்தயத் திடல் விடியற்காலையில் வெண்மையாய்க் காட்சி தருவது இதனாலேயே. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவைக் காட்டிலும், ஏறத்தாழ 1,270 மீற்றரிலுள்ள ஹற்றன் நான்கு பாகையளவு வெப்பமானது. ஹற்றன் பகுதியில் உறைபனிக்கு அத்துணை அச்சமில்லை. அம்பேவல, பட்டிப்பொல, கந்தப்பளைப் பகுதிகளில் உண்டு.

தம் நிலத்திற் பனி தேங்கும் இடத்தை அறிய விரும்புவோர் அயலிலுள்ள தேயிலை மலையைப் பார்த்தாற் போதும். முன்னைய ஆண்டுகளில் எந்தத் தாழ்வில் கொழுந்து கருகிற்றோ, அந்தத் தாழ்வை அடுத்த பாத்திகளே முதலிற் பாதிக்கப்படும். தோட்டத்தில் நெடுங்காலம் வேலை செய்த முதியோரைக் கேட்பின் இடத்தைச் சுட்டிக் காட்டுவர். அத்தகைய பள்ளங்களில் லீக்ஸ், கோவா, கரட், பீட்ரூட் ஆகியவற்றை இடுக. அவை குளிரை ஓரளவு தாங்கும். போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு மேட்டுச் சரிவே ஏற்றது. ஒக்டோபர் இறுதியில் நட்ட கிழங்கு சனவரியிற் பச்சை இலையோடு நிற்கும் என்பதை நடுமுன் கணக்கிட்டுக் கொள்ளவேண்டும். டிசம்பருக்குப்பின் தழைச்சத்து உரத்தை மிகுதியாக இடுவதும் தவறு. அதனால் இளந்தளிர் பெருகி, பனிக்கு எளிதில் இரையாகும்.

வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும் வெப்பநிலையைப் பயன்படுத்தும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. வெப்பமானி நிலத்திலிருந்து நாலைந்து அடி உயரத்தில், பெட்டியினுள் வைக்கப்படுவது. தெளிவான இரவில் புல் நுனியின் குளிர் அதைவிடச் சில பாகை குறைவாயிருக்கும். எனவே 3 அல்லது 4 பாகை செல்சியஸ் என்று கேட்டவுடன், நம் பாத்தியிற் பனி உறையக்கூடும் என்று கொள்க. மாலையில் முகில் கலைந்து, காற்று ஓய்ந்து, விண்மீன்கள் பளிச்செனத் தெரியுமாயின், அறிவித்தல் வராவிடினும் ஆயத்தமாதல் நன்று.

அன்று நண்பகலுக்குமுன் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுக. ஈரமண் பகலில் வெப்பத்தை மிகுதியாகச் சேமித்து, இரவில் மெல்ல வெளிவிடும். நாற்றுமேடைகளை மாலையில் மானாப்புல்லாலோ சாக்காலோ, கம்புகள்மேல் தாங்கி மூடி, வெயில் ஏறியபின் திறந்துவிடுக. வரிசைகளின் நடுவே வைக்கோல் பரப்புவதால் பனி தடுக்கப்படும் என்று சிலர் எண்ணுவர். அவ்வைக்கோல் மண்ணின் வெப்பத்தைச் செடிக்கு எட்டாமற் செய்துவிடும். குப்பை எரித்துப் புகை போடுவதாலும் பெரும்பயனில்லை, இருமலே மிஞ்சும். கருகிய செடிகளை மறுநாளே பிடுங்கி எறியற்க. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தால் அடிக்கணுவிலிருந்து துளிர்ப்பவை தெரியும்.

உறைபனிக்கு முந்திய டிசம்பரின் ஈரக்குளிரும் தீங்கற்றதன்று. உருளைக்கிழங்கின் பின்வெளிறல் நோய் அக்காலத்திற்குரியது. 1845 முதல் அயர்லாந்து நாட்டிற் பெரும்பஞ்சம் விளைத்தது இந்நோயே. இலையில் நீர்க்கசிவுபோன்ற கரும்புள்ளியும், அடிப்புறத்தில் வெண்பூஞ்சணமும் கண்டவுடன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவர் கூறும் மருந்தைத் தெளிக்க.

வலப்பனை, ஹங்குராங்கெத்த முதலிய தாழ்ந்த பள்ளத்தாக்குகளிற் பெரும்போக நெல் செய்வோர் உறைபனிக்கு அஞ்சவேண்டியதில்லை. எனினும், கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களின்முன், இரவுக் குளிர் பல நாள் தொடர்ந்து 15 பாகைக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் கெட்டு மணிகள் பதராகும். யப்பானின் வடபகுதியான ஹொக்கைடோவில் இக்கட்டத்தில் வயலில் ஆழமாக நீர் தேக்கி, தண்டினுள் இருக்கும் இளங்கதிரைக் காக்கின்றனர். நாமும் அந்நாட்களில் வரம்புகளை உயர்த்திச் சாணளவு நீர் நிறுத்தலாம். கதிர் வெளிவந்தபின் வழக்கமான அளவுக்கு வடித்துவிடுக. விதைப்பு இன்னும் முடியாதிருப்பின், கொள்ளும் இனத்தின் வயதையும் அது கதிர்விடும் வாரத்தையும் கமநல சேவை நிலையத்திற் கேட்டறிந்து நாள் குறித்தல் வேண்டும்.