நாற்காலி காலியானாலும் ஓட வேண்டும்

அலுவலகத்தில் மிச்சமாய்க் கிடக்கும் விண்டோஸ் கணினியை, கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் சப்வெர்ஷன் சர்வராக்கும் வேலை புதிதாய்ச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். விழட்டும், நல்ல பயிற்சி. ஒரு மணி நேரத்தில் ஓடவும் தொடங்கிவிடும், தொல்லை மறுநாள்தான். மேசைக்கணினி தன் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்யப்பட்டது. சர்வரோ அங்கே இல்லாதவர்களுக்காக உழைப்பது. நான் பட்ட பாடெல்லாம் இந்த வேறுபாட்டை மறந்ததால் பட்டதே. நீங்களும் படவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

1. வரலாறு எங்கே இருக்கிறதென்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். கிட் மென்பொருளில் குளோன் செய்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். சர்வர் செத்தாலும் பக்கத்து மேசையிலிருந்து மீட்கலாம். சப்வெர்ஷனில் உங்களிடம் இருப்பது வேலை செய்யும் பிரதி மட்டும். பழைய கமிட்டெல்லாம் சர்வரில்தான். பெரிய படக்கோப்புகளை ஒருவர் பூட்டிவைத்துத் திருத்த வேண்டிய இடங்களுக்குச் சப்வெர்ஷன் இன்றும் பொருந்தும். ஆனால் காக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

2. அந்த வரலாறு தங்கும் ரெபாசிட்டரியை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலோ வைக்காதீர்கள். ஒன்டிரைவ் அவற்றைத் தன் பாட்டுக்கு மேகத்தோடு ஒத்திசைக்கக்கூடும். சி டிரைவில் இடைவெளியில்லாத சின்னப் பெயரில் தனி ஃபோல்டர் போடுங்கள். அதை நெட்வொர்க்கில் ஷேர் செய்து எல்லாரையும் நேரே எழுதவும் விடாதீர்கள். எழுத முடிந்தவரால் அழிக்கவும் முடியும்.

3. சர்வரைச் சர்வீஸாக நிறுவுங்கள். நான் முதன்முதலில் சப்வெர்ஷனின் எஸ்விஎன்செர்வ் சர்வர் நிரலைக் கறுப்புச் சன்னலில் ஓட்டிவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டேன். யாரோ என் கணக்கை லாக் ஆஃப் செய்ய, சன்னலோடு சர்வரும் மூடிக்கொண்டது. கரும்பும் கையுமாய் வாசலில் நின்று போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். தானாகத் தொடங்கும்படி அமைத்த சர்வீஸாக இருந்தால் யாரும் லாகின் செய்யாமலே எழுந்து ஓடும். சர்வீஸை உருவாக்கும் எஸ்சி கிரியேட் கட்டளையில் இரண்டு பொறிகள் உண்டு. சமக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம். விண்டோஸ் பவர்ஷெல்லில் எஸ்சி என்ற சொல்லுக்கு வேறு பொருள். ஆகவே அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டிலேயே அடியுங்கள்.

4. தூக்கத்தைக் கலையுங்கள். பவர் ஆப்ஷனில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை. அப்டேட்டை நிறுத்தக் கூடாது. ஆக்டிவ் ஹவர்ஸ் அமைப்பில் அதிகபட்சம் 18 மணி நேரம் வரை 'இப்போது ரீஸ்டார்ட் வேண்டாம்' என்று சொல்லிவைக்கலாம். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரென்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

5. முகவரி மாறக் கூடாது. ரவுட்டரில் இந்தக் கணினிக்கென்று ஓர் ஐபியை ஒதுக்கிவிடுங்கள். ஃபயர்வாலில் 3690 என்ற போர்ட்டை மட்டும், அதையும் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் கேட்டாரென்று அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். எஸ்விஎன்செர்வ் வழியே போகும் கோப்புகளுக்கு வழக்கமாக மறைகுறியாக்கம் கிடையாது. விபிஎன் போட்டுக் கொடுங்கள்.

6. வாசலைப் பாருங்கள். எஸ்விஎன்செர்வில் நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் பெயர் தெரியாதவரும் எல்லாவற்றையும் படிக்கலாம். கான்ஃப் ஃபோல்டரில் உள்ள அமைப்புக் கோப்பில் 'அனான்-ஆக்சஸ்' வரியை 'நன்' ஆக்குங்கள். பக்கத்திலிருக்கும் பாஸ்வேர்டு கோப்பில் எல்லாம் அப்பட்டமான எழுத்தில் கிடக்கும். அந்த ஃபோல்டரை மற்றவர் திறக்க முடியாதபடி செய்யுங்கள். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டையே இங்கும் வைக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள்.

7. கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டால் ஒன்றை அறிந்து வையுங்கள். 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சப்வெர்ஷனுக்கு வேறு வேறு. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு தானாகவே இரண்டாகப் பிரித்துவிடும். அப்போது இருக்கிற கோப்பையே காணவில்லை என்று சப்வெர்ஷன் புலம்பும். உள்ளடக்கம் தமிழில் இருக்கட்டும். பெயர் எளிய ஆங்கில எழுத்தில் இருந்தால் நிம்மதி.

8. டி டிரைவ் பேக்கப் ஆகாது. பல அலுவலகக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் இரண்டு அறைகள். வீடு இடிந்தால் இரண்டும் போகும். ஓடிக்கொண்டிருக்கும் ரெபாசிட்டரியைச் சாதாரணமாய்க் காப்பி எடுத்தால் பாதி முடிந்த கமிட்டும் சேர்ந்து வரலாம். எஸ்விஎன்அட்மினின் ஹாட்காப்பி கட்டளை அதற்கென்றே இருக்கிறது. தினமும் இரவில் டாஸ்க் ஷெட்யூலர் வழியே அதை வேறொரு வட்டுக்கு ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை டம்ப் எடுத்து அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். அது ஒரே கோப்பு. வேறு இயங்குதளத்திலும் ஏற்றலாம்.

9. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். மாதம் ஒருமுறை அந்த டம்பை வேறு கணினியில் ஏற்றி, வெரிஃபை கட்டளை கொடுத்து, கடைசி கமிட்டின் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். செய்த படிகளை ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். கணினிக்குள்ளேயே வைத்தால் அது விழுந்த அன்று படிக்க முடியாது.

இத்தனையும் செய்து முடித்தபின் ஒரு வாரம் விடுப்பு எடுத்து ஊருக்குப் போங்கள். போன் வராமல் நிம்மதியாகக் கரும்பு கடிக்க முடிந்தால், உங்கள் சர்வர் தேறிவிட்டது.