அறுந்த நரம்பு வளருமா?

திருப்பூணித்துறையில் ஒரு கண்ணாடிக் கடை என்று வைத்துக் கொள்வோம். தொழிலாளி ஒருவர் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிறார். கண்ணாடி உடைகிறது. மணிக்கட்டில் ஆழமாகக் கிழிக்கிறது. இரத்தம் கொட்டுகிறது. உடன் இருப்பவர்கள் சுத்தமான துணியை வைத்து அழுத்துகிறார்கள். கையை உயர்த்திப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள்.

டாக்டர் காயத்தைப் பார்க்கிறார்.

"கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் தொடுவது தெரிகிறதா?"

சுண்டுவிரலைத் தொட்டால் தெரிகிறது. ஆள்காட்டி விரலைத் தொட்டால் தெரியவில்லை.

"நரம்பு அறுந்திருக்கிறது. தோலை மட்டும் தைத்தால் போதாது" என்கிறார் டாக்டர்.

நரம்பு எது?

கையின் மேல் பச்சையாகத் தெரிவதைப் பலர் நரம்பு என்பார்கள். அது நரம்பு அல்ல, இரத்தக் குழாய். நரம்பு உள்ளே இருக்கிறது. வெள்ளை நிறம். அதை மின்சாரக் கம்பிக்கு ஒப்பிடலாம். ஓர் உறைக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் இருக்கும். சூடு, குளிர், வலி ஆகிய செய்திகள் அதன் வழியே மூளைக்குப் போகும். "விரலை மடக்கு" என்ற கட்டளை மூளையிலிருந்து வரும்.

எப்படித் தைக்கிறார்கள்?

மைக்ராஸ்கோப் வழியே பார்த்துத் தைக்கிறார்கள். நூல் தலைமுடியை விட மெல்லியது. இழைகளைத் தைக்க முடியாது. உறையைத்தான் தைக்கிறார்கள். இடைவெளி அதிகம் இருந்தால், காலிலிருந்து ஒரு சிறு நரம்பை எடுத்து நடுவில் வைத்துத் தைப்பார்கள்.

அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள பழைய இழைகள் அழிந்துவிடும். மேல் முனையிலிருந்து புது இழைகள் முளைக்கும். பாகற்கொடிக்குப் பந்தல் வேண்டும். அதுபோல, புது இழை வளர வழி வேண்டும். தைத்த உறையே அந்த வழி.

எவ்வளவு நாள் ஆகும்?

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை சுமார் 18 சென்டிமீட்டர். அதாவது 180 மில்லிமீட்டர். எனவே ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். நரம்பு வந்து சேர மிகவும் தாமதமானால் தசை சூம்பிவிடும். அதனால்தான் காயம் பட்டவுடன் சிகிச்சை வேண்டும்.

கொச்சியில் நடந்தது

2015 ஜனவரியில் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. விபத்தில் இரு கைகளையும் இழந்த இளைஞருக்கு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகளைப் பொருத்தினார்கள். இந்தியாவில் இதுவே முதல் முறை. டாக்டர் சுப்பிரமணிய ஐயர் தலைமை தாங்கினார். எலும்பு, இரத்தக் குழாய், நரம்பு எல்லாவற்றையும் இணைத்தார்கள். இரத்தம் அன்றே ஓடும். ஆனால் உணர்வு அன்றே வராது. சொந்த நரம்பு புதிய கைக்குள் மெல்ல வளர வேண்டும்.

காத்திருக்கும்போது கவனம்

உணர்வு இல்லாத கைக்கு வலி தெரியாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் இதை உலகுக்கு விளக்கினார். தொழுநோயில் நரம்பு கெடுகிறது. வலி தெரியாததால் அடிக்கடி காயம் படுகிறது. அந்தக் காயங்களால்தான் விரல்கள் தேய்கின்றன என்றார்.

ஆகவே தினமும் கையை உற்றுப் பார்க்க வேண்டும். அடுப்படியில் துணி பிடித்து வேலை செய்ய வேண்டும். டாக்டர் சொன்ன பயிற்சியை விடக் கூடாது. சில மாதங்களில் எறும்பு ஊர்வது போலத் தோன்றலாம். பயப்பட வேண்டாம். நரம்பு வளர்வதற்கு அது ஓர் அடையாளம். உணர்வு முழுவதும் திரும்பாமல் போகலாம். ஆனாலும் பலர் மீண்டும் வேலைக்குப் போகிறார்கள்.

நினைவில் வையுங்கள்

காயத்தில் காப்பித்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள்.
வெட்டுக் காயத்துக்குப் பின் விரல் மரத்தால், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

விடை கூறுங்கள்

1. நரம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு வளரும்?
2. டாக்டர் ஏன் கண்ணை மூடச் சொன்னார்?
3. மரத்துப் போன கையை எப்படிக் காப்பாற்றுவது?