காளிக்கு நட்ட கல்

நுழையும்முன்

வீரர்க்குக் கல் நட்டு வழிபடுதல் தமிழர்க்கும் கன்னடர்க்கும் பொதுவான பழைய வழக்கம். அத்தகைய கற்களுள் ஒன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவிலிருந்து சென்று, ஒருநாள் அக்கல்லின்முன் நின்ற தாத்தாவையும் பேத்தியையும் பற்றியது இப்பாடம்.

பாடம்

பள்ளியில் கொடுத்த படிவத்தில் ஒரே ஓர் இடம் நிரப்பப்படாமல் இருந்தது. பெயர், வகுப்பு, தாய்மொழி ஆகியவற்றைச் சிறுமி எழுதிவிட்டாள். 'சொந்த ஊர்' என்ற வரிக்கு நேரே அவள் எழுதுகோல் நின்றுவிட்டது.

"பேத்தமங்களா என்று எழுது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார் தந்தை.

"தக்கோலத்துக்குப் பக்கத்தில் என்று எழுது, கண்ணு. என் அப்பா அங்கிருந்துதான் சுரங்க வேலைக்கு வந்தார்" என்றார் தாத்தா.

இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. படிவம் மடிக்கப்பட்டுப் புத்தகப் பைக்குள் சென்றது. மறுநாள் சனிக்கிழமை. பெங்களூருக்கு அழைத்துச் செல்வதாகத் தாத்தா நெடுநாளாகச் சொல்லிவந்த நாள் அதுதான்.

விடியுமுன் பேருந்தில் புறப்பட்டு மூவரும் மாரிகுப்பம் வந்து சேர்ந்தனர். தந்தைக்கு அன்றும் வேலைநாள். ரயில் பெட்டிகள் புறப்படும் முன்பே நிரம்பிவிட்டன. கையில் சோற்று டப்பாவும் கண்ணில் தூக்கமுமாக ஆண்களும் பெண்களும் நெருக்கி அமர்ந்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் தங்கவயல் மக்களுள் பல்லாயிரவர்க்குப் பிழைப்பு என்பது இந்த ரயிலில் ஏறி இறங்குவதாகவே ஆயிற்று. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். "நாங்கள் கீழே போனோம், இவர்கள் பக்கவாட்டில் போகிறார்கள். போய்வருவது மட்டும் மாறவில்லை" என்றார் அவர். எதிரில் இருந்தவர் தூக்கத்திலேயே சிரித்தார்.

இந்தக் கிளைப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. மாரிகுப்பத்திலிருந்து வரும் அது சென்னை–பெங்களூரு பெரும்பாதையைச் சேரும் இடம் பங்காருப்பேட்டை. அவ்வூர்க்கு முன்பு பௌரிங்பேட்டை என்று பெயர். மைசூரின் ஆணையராக இருந்த பௌரிங் என்பவரின் பெயரால் அமைந்தது அது. அன்று அவர்கள் காணச்சென்ற அருங்காட்சியகத்தை 1865இல் தோற்றுவித்தவரும் அவரே. ஊரின் பெயர் மாறிவிட்டது, அருங்காட்சியகம் நிலைத்திருக்கிறது.

தந்தை ஒயிட்ஃபீல்டில் இறங்கிக் கையசைத்தார். தாத்தாவும் பேத்தியும் கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கி, கப்பன் பூங்காவை அடைந்தனர்.

1870இல் மைசூரின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி அமைத்த பூங்கா அது. முதலில் மீட் பூங்கா என்றும், பிறகு கப்பன் பூங்கா என்றும் வழங்கிற்று. 1927இல் சாமராஜேந்திர பூங்கா எனப் பெயரிடப்பட்டது. மக்கள் நாவில் நிலைத்ததோ கப்பன்தான். ஆணையர் மார்க் கப்பன் கோடை வெயிலுக்கு அஞ்சி நந்தி மலையின் உச்சியில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டவர். ஐதரும் திப்புவும் வலுப்படுத்திய கோட்டையும் அம்மலைமேல்தான் உள்ளது. பேத்தமங்களாவின் ஏரியை நிறைக்கும் பாலாறு தோன்றுவதும் நந்தி மலைப் பகுதியில்தான். "அந்த மலைக்கோட்டைக்கு இன்றே போகலாமா?" என்று சிறுமி கேட்டாள். தாத்தா தம் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். கோட்டை மற்றொரு நாளுக்குத் தள்ளிப்போயிற்று.

மூங்கிற் புதர்களையும் பருத்த மரங்களையும் கடந்து சென்றபோது செந்நிறக் கட்டடம் ஒன்று தோன்றியது. 1877 முதல் அருங்காட்சியகம் இயங்கிவரும் கட்டடம் அது. உள்ளே சிலைகள், காசுகள், பானைகள், ஓவியங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணுவோர் எதையும் பார்ப்பதில்லை. சிறுமியும் முதல் அரைமணி நேரம் ஓட்டமும் நடையுமாகவே இருந்தாள். பிறகு ஒரு கல்லின்முன் நின்றாள்.

அக்கல்லில் நாயும் காட்டுப்பன்றியும் ஒன்றோடொன்று பொருதிக்கொண்டிருந்தன. சுற்றிலும் எழுத்துகள். கன்னடம் கற்றவளே ஆயினும் அவளால் அவற்றைப் படிக்க இயலவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கன்னட எழுத்து அது. அவள் விழிப்பதைக் கண்ட பணியாளர் ஒருவர் அருகில் வந்தார். கன்னடத்தில் அவர் சொல்லச் சொல்ல, அவள் தாத்தாவுக்குத் தமிழில் சொன்னாள். நடுவில் ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"தக்கோலமா? எங்கள் தக்கோலமா?" என்று தாத்தா கல்லை நெருங்கினார்.

அதுவேதான். மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த இக்கல்வெட்டு கி.பி. 949–50ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் அக்காலத்தில் ஒரு பெரும்போர் நிகழ்ந்தது. ஒருபுறம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். மறுபுறம் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன். யானைமேல் அமர்ந்து போரிட்ட இராசாதித்தனைப் பூதுகன் கொன்றான். சோழர் படை சிதறியது. வடதமிழகத்தின் பெரும்பகுதி சோழர் கையைவிட்டு நழுவியது. அப்பேரரசு மீண்டும் தலைநிமிர இராசராசன் காலம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சோழர் ஆவணங்கள் இராசாதித்தனை 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று குறிக்கின்றன. இறந்தான் என்னாது துஞ்சினான் என்றது, இழப்பைச் சொல்வதிலும் ஒரு மரபு இருந்ததைக் காட்டுகிறது. வீரநாராயண ஏரியை, அதாவது இன்றைய வீராணத்தை, வெட்டுவித்தவன் இவனே என்பர்.

இக்கல்லில் உள்ள ஒரு சொல் அறிஞரை நெடுநாள் அலைக்கழித்தது. முதலில் படித்தவர் அதனைக் 'கள்ளன்' என்று கொண்டு, பூதுகன் வஞ்சகத்தால் இராசாதித்தனைக் கொன்றான் எனப் பொருள் உரைத்தார். பின்னர் அச்சொல் 'களன்' எனத் திருத்திப் படிக்கப்பட்டது. அப்போது பொருள் முற்றிலும் மாறியது. யானைமேல் இருந்த அம்பாரியையே போர்க்களம் ஆக்கிக் குத்திக் கொன்றான் என்றாயிற்று. ஒரே ஓர் எழுத்து, ஒருவனைக் கயவனாகவும் ஆக்கிற்று, வீரனாகவும் ஆக்கிற்று. கள்ளன், களன் ஆகிய இரு சொற்களும் தமிழுக்கும் உரியன என்பதால், அந்த வேறுபாட்டைத் தாத்தாவுக்கு விளக்கச் சிறுமிக்கு நேரம் பிடிக்கவில்லை.

தாத்தா சற்று நேரம் பேசாதிருந்தார். தம் ஊர்ப்பெயரைக் கண்ட மகிழ்ச்சி, அது எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்ததும் பாதியாகிவிட்டது.

"அப்படியானால் தோற்றவர்கள் நாம்தானே, தாத்தா?"

"நாமா?" என்று அவர் திரும்பினார். "யானைமேல் நாம் இருந்திருக்க மாட்டோம், கண்ணு. கிருஷ்ணன் பக்கத்திலும் இருந்திருக்க மாட்டோம். அன்றைக்கும் எங்கேயாவது மண் சுமந்துகொண்டுதான் இருந்திருப்போம்."

பிறகு அவர், "அதெல்லாம் இருக்கட்டும். நாய் எதற்கு?" என்று கேட்டார்.

உண்மையில் அந்தக் கல் போருக்காக நடப்பட்டதன்று, நாய்க்காகவே நடப்பட்டது. பூதுகனின் வீரருள் ஒருவன் மணலேரன். போரில் அவன் காட்டிய ஆற்றலைக் கண்டு மகிழ்ந்த அரசன், வேண்டியதைக் கேட்குமாறு சொன்னான். பொன் கேட்டிருக்கலாம், ஊர் கேட்டிருக்கலாம். அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை. பின்னர் ஒருநாள், பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் காளியை ஏவினர். நாயும் பன்றியும் பொருது இரண்டுமே மாண்டன. மணலேரன் ஆதகூர்க் கோயிலின்முன் அதற்குக் கல் நட்டான். வழிபாட்டுக்கென நிலமும் ஒதுக்கினான். அந்நிலத்தை நுகரும் பூசகர் கல்லை வணங்காமல் உண்டால், அந்த நாய் செய்த பாவமெல்லாம் அவரைச் சேரும் என்றும் எழுதி வைத்தான். வேட்டை நாய் செய்த பாவம் எவ்வளவு இருக்கும் என்பதை அவன் அறியாதவன் அல்லன்.

பேரரசர் இருவர் மோதிய செய்தி நமக்குக் கிடைப்பதற்கு ஒரு நாயின்மீது ஒருவன் வைத்த அன்பு காரணமாயிற்று. இவ்வன்பு கன்னட நாட்டுக்கு மட்டும் உரியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரைப் பூசலில் தலைவன் பட்டபின், கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாய் அக்கல்லில் தலைவனுக்கு அருகிலேயே நிற்கிறது. அது காளிக்கு முந்நூறு ஆண்டு மூத்தது.

சிறுமி குறிப்பேட்டில் நாயையும் பன்றியையும் வரைந்தாள். பன்றி நன்றாகவே வந்தது. நாய்தான் ஆடுபோல் ஆகிவிட்டது.

பூங்காவின் மறுபுறம் ஜவாகர் பால பவனில் சிறுவர் ரயில் இருக்கிறது. புட்டாணி எக்ஸ்பிரஸ் என்பது அதன் பெயர். கன்னடத்தில் புட்டாணி என்றால் சின்னஞ்சிறியது. தாத்தா முதலில் ஏற மறுத்தார்; ஏறியபின் இறங்க மறுத்தார். மரங்களுக்கிடையே அது ஊர்ந்து சென்றபோது, சிறு வயதில் கண்ட குறும்பாதை ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பங்காருப்பேட்டையிலிருந்து கோலாருக்கு அக்காலத்தில் குறுகிய பாதையில்தான் வண்டி ஓடிற்று. "இதைவிடக் கொஞ்சம் பெரியது, இதைவிடக் கொஞ்சம் மெதுவானது" என்றார். அது மிகைதான். சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டைப் பற்றிச் சிறுமி கேட்டாள். அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை.

மாலையில் திரும்பும் வண்டி பங்காருப்பேட்டையில் நின்றது. அங்கிருந்து பெரும்பாதை கிழக்கே செல்கிறது. கிளைப்பாதை மாரிகுப்பத்துக்குத் திரும்புகிறது. கிழக்கே நீண்ட தண்டவாளத்தைத் தாத்தா சன்னல்வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில் போனால்?"

"சோலார்பேட்டை, காட்பாடி, அப்புறம் அரக்கோணம். அங்கே வண்டி மாறினால் தக்கோலம்."

"நீங்கள் எத்தனை முறை போயிருக்கிறீர்கள், தாத்தா?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. வண்டி நகர்ந்த பின்னரே, "ஒருமுறைகூடப் போனதில்லை, கண்ணு. அப்பா சொல்லக் கேட்டதுதான்" என்றார்.

பேருந்து பேத்தமங்களாவில் அவர்களை இறக்கிவிட்டபோது இருட்டிவிட்டது. ஏரிக்கரையிலிருந்து காற்று வீசியது. தங்கவயலின் குழாய்களுக்கு ஒரு நூற்றாண்டுக் காலமாகத் தண்ணீர் கொடுத்துவந்த ஏரி அது. விசயாதித்தமங்கலம் என்பது இவ்வூரின் பழம்பெயர். உடைந்துபோன ஏரியை நுளம்ப மன்னன் ஒருவன் பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செப்பனிட்டான் என்று இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஏறத்தாழ, தக்கோலத்தில் யானைகள் வீழ்ந்த அதே காலம். அங்கே படைகள் மோதியபோது இங்கே சிலர் கூடை கூடையாக மண் கொட்டிக் கரையை உயர்த்திக்கொண்டிருந்திருக்கலாம்.

தந்தை அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தார். கை கால் கழுவிக்கொண்டு அமர்ந்து, "என்ன பார்த்தாய், சொல்" என்றார். சிறுமி பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். அதனோடு மடித்த படிவமும் வெளியே வந்தது. அதைத் தாத்தாவின் மடியில் வைத்துவிட்டு, நாயில் தொடங்கினாள்.

அருஞ்சொற்பொருள்

பொருதல் – போரிடுதல்; துஞ்சுதல் – உறங்குதல், இறத்தல்; அம்பாரி – யானைமேல் அமைக்கும் இருக்கை; ஆநிரை – பசுக் கூட்டம்; பட்டபின் – இறந்தபின்; களன் – களம், இடம்.

பயிற்சி

1. ஆதகூர்க் கல்லில் ஒரு சொல்லைத் திருத்திப் படித்ததனால் பொருள் எவ்வாறு மாறியது?

2. "யானைமேல் நாம் இருந்திருக்க மாட்டோம்" என்று தாத்தா கூறியதன் பொருளை உம் சொற்களில் எழுதுக.

3. தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுபோல் வழங்கும் சொற்கள் ஐந்தனைத் தொகுக்க.

4. உம் வீட்டில் மூத்தோர் ஒருவரிடம் அவர்தம் சொந்த ஊர் எது எனக் கேட்டு, அவர் கூறியவாறே எழுதி வருக.