முதுகுன்றப் பதிகத்தில் பரவை

நல்லூரைத் தொட்டு விருத்தாசலம் நோக்கிச் செல்லும் மணிமுத்தாறு, தமிழிலக்கியத்தில் ஒரு காதலுக்குச் சான்றாகும். விருத்தாசலமாகிய திருமுதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் இவ்வாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் தேடினார் எனச் சேக்கிழார் கூறுவர். பொன் உடனே கிட்டவில்லை. அருகில் நின்றவர் பரவையார்.

அந்நிலையில் எழுந்ததே ஏழாம் திருமுறையின் 25ஆம் பதிகம். முதுகுன்றத்து இறைவனை விளித்துப் பாடுங்கால், பரவையை ‘இவள்’ என்றே சுட்டுகின்றார் சுந்தரர். ‘அவள்’ எனின் அது வெறும் நினைவு. ‘இவள்’ என்னும் அண்மைச்சுட்டோ அவரைப் பாட்டினுள்ளேயே நிறுத்திவிடுகின்றது. மனைவியின் முன் நாணி நிற்கும் கணவனின் குரலன்றோ இது!

1917இல் கார்லோஸ் கார்தெல் பாடிய ‘மி நோச்சே திரிஸ்தே’ என்னும் அர்ஜென்டினா டாங்கோவில், காதலி கைவிட்டுச் சென்ற அறையில் ஒருவன் தனியே புலம்புகின்றான். பாஸ்குவால் கொந்துர்சி இயற்றிய அவ்வரிகளிலும் உருக்கம் உண்டு; ஆயின் கேட்பார் இலர். சுந்தரர்க்கோ வழக்குரைக்க இறைவன் உளன். அவன்பால் அவர் முறையிடுவது வீடுபேறு வேண்டியன்று. பரவையின் முன் தம் வாட்டம் தீரவே. தோழமை அத்தகையது. பொன் கைக்கு வந்த பின்னரும், மாற்றுக் குறைந்துள்ளது என்று மீண்டும் பாடுகின்றார் அவர்.