சலவைத் தூளும் கண்மாய் நீரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் விவசாயம் பெரும்பாலும் கண்மாயை நம்பியே நடைபெற்று வருகிறது. மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி ஒரு கண்மாயை நிரப்புகிறது. பிறகு கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாயைச் சேர்கிறது. எஞ்சியது கிழக்கு நோக்கிச் சென்று வைப்பாற்றில் கலக்கிறது. ஆதலின் மேலூர்க் கண்மாயில் விழுந்த பொருள் எதுவாயினும், அது கீழூராரின் பங்கிலும் சேர்ந்துவிடுகிறது. இவ்வாறு விழும் பொருள்களில் ஒன்றைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம். அது நாம் நாள்தோறும் கையாளும் சலவைத் தூளில் கலந்துள்ள பாஸ்பேட் என்னும் உப்பாகும்.

முற்காலத்தில் நம் ஊர்களில் உவர் மண்ணும் வெள்ளாவியுமே துணியை வெளுத்தன. பின்னர் சவுக்காரக் கட்டி வந்தது. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யப்படும் சவுக்காரம் நல்ல நீரில் நன்றாக நுரைக்கும். ஆனால் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீரில் நுரைக்காமல் தயிர்போல் திரிந்து துணியில் அப்பிக்கொள்ளும். இக்குறையை நீக்கவே செயற்கைச் சலவைத் தூள்கள் தோன்றின. நம் நாட்டுக் கடைகளுக்கு ‘சர்ஃப்’ தூள் 1959-ஆம் ஆண்டில் வந்தது. 1969-இல் ஆமதாபாத்தில் தோன்றிய ‘நிர்மா’, எளியோரும் வாங்கத்தக்க விலையில் தூளைக் கிராமங்கள்வரை கொண்டுசென்றது.

தூளில் இருப்பது ஒரே பொருள் அன்று. அழுக்கைப் பிரித்தெடுப்பதும் நுரைப்பதும் ஒரு பொருளின் வேலை. அதற்குத் துணையாக நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்து, நீரை மென்மையாக்கும் பொருள் ஒன்றும் வேண்டும். சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்னும் உப்பு இவ்வேலையை மிகச் செம்மையாகச் செய்கிறது. பிரிந்த அழுக்கு மீண்டும் துணியில் படியாதவாறும் தடுக்கிறது. இதனால் 1960-களில் அமெரிக்காவில் விற்ற சில தூள்களின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவ்வுப்பே இருந்தது. துணிக்கு நன்மை செய்யும் பொருள் என்பதில் ஐயமில்லை. தொல்லை தொடங்குவது, அலசிய நீரை நாம் கொட்டும்போதுதான்.

விவசாயிகளுக்குப் பாஸ்பேட் புதிய பொருளன்று. நாம் மணிச்சத்து என்று வழங்குவதும், டி.ஏ.பி. மூட்டையிலும் சூப்பர் பாஸ்பேட்டிலும் விலை கொடுத்து வாங்குவதும் இதுவே. வயலில் இட்டால் நெல் செழிக்கும். கண்மாயில் இட்டால் எது செழிக்கும்? அங்கு வளர்வது எதுவோ அதுதான்: பாசியும் ஆகாயத்தாமரையும்.

இதனை ஐயமறக் காட்டிய ஒரு பரிசோதனை கனடா நாட்டில் நடைபெற்றது. ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட சிறு ஏரிகள் உள்ளன. அவற்றுள் 226 என்னும் எண் கொண்ட ஏரியை, 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கரிச்சத்தையும் தழைச்சத்தையும் மட்டும் சேர்த்தனர். மறு பாதியில் அவ்விரண்டோடு மணிச்சத்தையும் சேர்த்தனர். மணிச்சத்து இட்ட பாதி பச்சைப் பசேலெனப் பாசி பிடித்தது. மற்றப் பாதி தெளிவாகவே நின்றது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உலகெங்கும் பரவிற்று. இரசாயனம் அறியாதவரும் ஒரு நோக்கில் புரிந்துகொள்ளத்தக்க படம் அது.

நம் கண்மாயில் இது எவ்வாறு நிகழ்கிறது? பாசி பகலில் பிராணவாயுவை வெளியிட்டாலும் இரவில் அதனைத் தானே உட்கொள்கிறது. மடிந்து அழுகும்போது மேலும் உட்கொள்கிறது. விடியற்காலையில் மீன்கள் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து தத்தளிப்பதைக் கரையோரத்தார் கண்டிருப்பர். மீன்பாசி ஏலம் எடுத்தவரின் முதல் அந்த ஒரு விடியலில் அழிந்துபோகக்கூடும். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் நஞ்சை உண்டாக்குவதால், பச்சைச் சாயம் கரைத்தாற்போல் நிற்கும் நீரில் ஆடு மாடுகளைக் குடிக்க விடலாகாது. ஆகாயத்தாமரையோ மடையை அடைக்கிறது. தன் இலைகளின் வழியே நீரை ஆவியாக்கிக் குறைக்கிறது. கண்மாயில் நீர் நிற்கும். கடைமடை வயல் காயும். இந்த முரண்பாட்டைப் பல ஆயக்கட்டுகளில் காணலாம்.

எவ்வளவு மணிச்சத்து இவ்வாறு போகிறது என்பதை ஒரு கணக்கால் அறிவோம். 500 வீடுகள் உள்ள ஊர் என்றும், வீடொன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தூள் செலவாகிறது என்றும், அத்தூளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மேற்சொன்ன உப்பு என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வுப்பின் எடையில் கால் பங்கு மணிச்சத்து. ஆகவே ஒரு வீட்டிலிருந்து நாளொன்றுக்கு 2½ கிராம். ஊர் முழுவதிலிருந்தும் 1¼ கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 456 கிலோ. ஐம்பது கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் உள்ள மணிச்சத்து சுமார் 10 கிலோ. ஆக, ஆண்டொன்றுக்கு 45 மூட்டை டி.ஏ.பி.யை அவ்வூரார் சாக்கடையில் கரைத்துவிடுகின்றனர். அதில் ஒரு பகுதி வழியிலேயே மண்ணில் தங்கிவிடும் என்பது உண்மையே. தங்காத பகுதி கண்மாய்க்கு உரம். ஒரு கிராம் மணிச்சத்தைக் கொண்டு, உலர்ந்த எடையில் சுமார் நூறு கிராம் பாசி வளர இயலும்.

எனினும் பழி முழுவதையும் தூளின்மேல் சுமத்துவது நியாயமாகாது. ஒருவரின் மலசலத்தில் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத மணிச்சத்து வெளியாகிறது. மேற்படி ஊரில் 2,000 பேர் இருப்பின் அது நாளொன்றுக்கு 2 கிலோவுக்கு மேலாகும். அதாவது தூளைவிட அதிகம். வயலிலிருந்து மழையில் கரைந்து வருவது வேறு. அமெரிக்கா, கனடா இரண்டுக்கும் எல்லையாயுள்ள ஈரி ஏரியின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1960-களில் அந்த ஏரி பாசியால் சீர்கெட்டது. 1972-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, கழிவுநீரைச் சுத்திகரித்தும், சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தும் ஏரியை மீட்டன. ஆனால் பின்னாளில் வயல்களின் உரநீர் பெருகிப் பாசி மீண்டும் தலையெடுத்தது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டொலீடோ நகரத்தார் 4 இலட்சம் பேருக்கு மேல், பாசியின் நஞ்சு காரணமாகச் சில நாட்கள் குழாய் நீரைக் குடிக்க இயலாது தவித்தனர். தூளைத் திருத்துவதோடு வேலை முடிவதில்லை. எனினும் நாம் சொல்லக்கூடியது இது: மலக்கழிவைச் சுத்திகரிக்கப் பெரும் பொருட்செலவு வேண்டும், தூளை மாற்றுவதற்குக் கடைக்காரரிடம் ஒரு சொல் போதும்.

இன்னொரு மயக்கத்தையும் நீக்கிவிடுவோம். நுரை வேறு, பாஸ்பேட் வேறு. 2015-இல் பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் நுரை மலைபோல் எழுந்து தெருவில் பறந்ததையும், அதில் தீப்பற்றியதையும் செய்திகளில் கண்டோம். அந்நுரைக்கு முதற்காரணம் அழுக்கு நீக்கும் பொருளே. பாஸ்பேட் தானாக நுரைப்பதில்லை. ஆதலின் நுரை காணாத கண்மாயில் கேடில்லை என்று எண்ணிவிடலாகாது.

வெளிநாட்டுத் தூள் மேலானது என்றொரு எண்ணமும் நம்மிடையே உண்டு. வளைகுடா நாடுகளிலிருந்து வருவோர் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகின்றனர். அமெரிக்காவில் குடியேறிய மெக்சிகோ மக்களும் தம் நாட்டுத் தூளையே தேடி வாங்குகின்றனர். அதில் பாஸ்பேட் உண்டா என்னும் கேள்வி அங்கும் எழுகிறது. நாட்டின் பெயரைக் கொண்டு இதற்கு விடை சொல்லுதல் இயலாது. எந்தச் சட்டத்தின் கீழ் விற்பதற்காகச் செய்யப்பட்டது என்பதே பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல், ஒரு தடவை துவைக்கும் அளவுத் தூளில் மணிச்சத்து அரை கிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. அமெரிக்காவில் வீட்டுச் சலவைத் தூள் செய்வோர் 1990-களிலேயே பாஸ்பேட்டைக் கைவிட்டனர். நம் நாட்டில் டில்லி அரசு, யமுனை நதியின் நுரையை முன்னிட்டு, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் திருத்திய அளவுகளுக்கு ஒவ்வாத சோப்பு, சலவைத் தூள் வகைகளின் விற்பனையை 2021-இல் தடை செய்தது.

வாங்கும் தூளில் இவ்வுப்பு உண்டா என்று அறிவது எப்படி? உறையில் பொருள்களின் பட்டியல் இருப்பின் ‘பாஸ்பேட்’ என்று முடியும் பெயரையோ, ‘எஸ்.டி.பி.பி.’ என்னும் எழுத்துகளையோ தேடுக. ‘பாஸ்போனேட்’ என்பது வேறு பொருள், சிறிதளவே சேர்ப்பர். பட்டியல் அச்சிடாத தூள்களும் உண்டு. அவற்றுக்கு மேல்நிலைப் பள்ளியின் இரசாயன ஆசிரியர் உதவலாம். தூளை நீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சிறிது நேரம் நன்றாகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அம்மோனியம் மாலிப்டேட் கரைசலை விட்டுச் சூடாக்கினால், பாஸ்பேட் இருப்பின் மஞ்சள் வீழ்படிவு தோன்றும். நீர் மஞ்சளாவது மட்டும் சான்றாகாது. தூளிலுள்ள சிலிகேட்டும் அந்நிறத்தைத் தரும். அடியில் படிவு இறங்கவேண்டும். மாணவர்களுக்கும் இது நல்ல பாடம். ஊர்க் கடையில் விற்கும் ஐந்தாறு தூள்களை இவ்வாறு பார்த்து, முடிவைக் கிராம சபையில் வாசிக்கலாம். மார்ச்சு 22, உலகத் தண்ணீர் தினம், தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை கூடும் நாள்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு ஏற்ற நாள்.

பாஸ்பேட் விலை மிகுந்த சரக்காதலால், மிக மலிவான தூள்களில் பெரும்பாலும் அது சேர்வதில்லை; சலவைச் சோடாவே மிகுதியாக இருக்கும். அதனால் மலிவுத் தூள் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. சோடா கையைப் புண்ணாக்கும். அதன் நீர் ஓரிடத்திலேயே தேங்கினால் சோடியம் ஏறி நிலம் களராகிவிடும். கொல்லைப்புறத் தென்னையின் அடியில் தினமும் அலசு நீரை விடுவோர் இதனைக் கருதவேண்டும். நீரை ஒரே மரத்துக்கு விடாமல் முறைவைத்து மாற்றிவிடுதலும், களர் தட்டிய இடத்தில் ஜிப்சம் இடுதலும் நலம்.

மலையடிவார ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓடை நீர் மென்மையானது. அதற்குப் பாஸ்பேட் தூளே தேவையில்லை, சவுக்காரக் கட்டி போதும். கிழக்கே செல்லச்செல்லக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பாகிறது. தம் ஊர் நீர் எத்தகையது என்பதை எவரும் பார்க்கலாம். ஒரு புட்டியில் பாதி நீர் எடுத்து, சவுக்காரச் சீவல் சிறிது இட்டுக் குலுக்குக. நுரை நின்றால் மென்னீர். திரிந்தால் கடின நீர்.

ஊராட்சி செய்யத்தக்க முதற்காரியம், துணி துவைக்கும் இடத்தைக் கண்மாய்க்குள்ளிருந்து வெளியே கொண்டுவருவதாகும். தடை என்று பலகை நாட்டினால் பயனில்லை. சலவைத் தொழிலாளர்க்கு நீரும் கல்லும் நிழலும் வேண்டும். அவர்களைக் கலந்து இடத்தை முடிவு செய்யாவிடில் அவர்கள் மீண்டும் கரைக்கே வருவர், அது அவர்கள் குற்றமாகாது. கண்மாய்ப் பக்கம் சரியாத நிலத்தில், ஆழ்குழாய்க் கிணறு, துவைகல், நீர்த்தொட்டி ஆகியவற்றோடு சலவைத்துறை அமைத்து, அலசு நீரை மணலும் சரளையும் பரப்பிய குழி வழியாகக் கல்வாழை, வாழை நட்ட வரப்புகளுக்குத் திருப்பலாம். மண் பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. நீரில் கேடாக இருந்த பொருள் அங்கே உரமாகிறது. வீட்டு உறிஞ்சு குழிகளும் இதே பயனைத் தரும்; குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் மட்டும் அவற்றைத் தோண்டலாகாது. சத்திரப்பட்டி வட்டாரத்தில் மருத்துவக் கட்டுத்துணி வெளுக்கும் பட்டறைகளின் கழிவுநீர் இக்கணக்கில் சேராது. அது 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கவனிக்கவேண்டிய பொருள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம்போல் நகரத்தை ஒட்டிய கண்மாய்களில், வீதிச் சாக்கடை வரத்துக்கால்களில் சேருமிடத்தைக் கண்டு தடுப்பது இதனினும் முக்கியம். அதற்கு நகராட்சியும், அண்டை ஊராட்சிகளும், பாசன விவசாயிகளும் ஒருங்கே அமர்ந்து பேசவேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்தபின்னும், பல்லாண்டுகளாக இறங்கிய பாஸ்பேட் கண்மாயின் அடிச்சேற்றில் கிடக்கும். நீரின் அடியில் பிராணவாயு குறையும்போது அது சேற்றிலிருந்து மீண்டும் கரைந்து மேலே வரும். ஆதலால் தூளை நிறுத்திய மறு ஆண்டே பாசி ஒழியும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இதற்கு நம் முன்னோர் கையாண்ட முறையே மருந்தாகிறது. கண்மாய் வற்றிய சித்திரை, வைகாசி மாதங்களில் கரம்பை மண்ணை வண்டிகளில் ஏற்றி அவர்கள் வயலுக்குக் கொண்டுசென்றனர். இப்பொழுது வட்டாட்சியரின் அனுமதி பெற்று வண்டல் எடுக்கலாம். மடைக்கு அருகிலும், சாக்கடை வந்து சேர்ந்த மூலையிலும் உள்ள மண்ணை முதலில் எடுக்கவேண்டும். சத்து மிகுதியாகப் படிந்திருப்பது அங்கேதான். கரையின் அடிவாரத்தை ஒட்டி மட்டும் தோண்டலாகாது. எடுத்த மண்ணை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி மணிச்சத்தின் அளவை அறிந்துகொண்டால், அந்தப் பருவத்தில் வாங்கவேண்டிய டி.ஏ.பி. மூட்டைகளில் எத்தனையைக் குறைக்கலாம் என்பது தெரிந்துவிடும்.