பழவேற்காட்டுக்குப் போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் நடக்கும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தை மதிப்பிடப் போகிறாய். வளரிளம் பெண்களுக்கான திட்டம். நீ அனுப்பிய கேள்வித்தாளைப் படித்தேன். முக்கால்வாசிக் கேள்விகள், கொசு கடித்தால் வருமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா என்ற ரகம். வகுப்புக்கு முன் எவ்வளவு மார்க், வகுப்புக்குப் பின் எவ்வளவு? இந்தத் தேர்வில் பெயிலான திட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

தான்சானியாவின் முவான்சா பகுதியில் 1999இல் ‘மேமா க்வா விஜானா’ என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் தொடங்கியது. 20 ஊர்த்தொகுதிகளில் பத்துக்குப் பாடமும் மருத்துவ வசதியும் கொடுத்தார்கள், மற்ற பத்தை ஒப்பிட வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் அறிவு கூடியது. பல ஆண்டு கழித்துப் போய்க் கேட்டபோதும் மறக்கவில்லை. ரத்தத்தைப் பரிசோதித்தால், எச்.ஐ.வி. தொற்று குறையவே இல்லை.

அப்படியானால் நாமும் ரத்தத்தையே பார்த்துவிடலாமே என்பாய். பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்து இருபது ஆண்டு கழித்து, 2006இல், லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு தென்பகுதி மாநிலங்களில், 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடையே தொற்று 2000இல் 1.7 சதவீதம், 2004இல் 1.1. அந்த வயதை ஏன் எடுத்தார்கள் தெரியுமா? இளம்பெண்ணுக்குத் தொற்று இருந்தால் அது அண்மையில் வந்ததாகத்தான் இருக்கும். புதுத் தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவளிடம்தான் முதலில் தெரியும்.

அந்த ஆய்வுக்கு நாடு முழுவதும் 216 மகப்பேறு மருத்துவமனைகளிலிருந்து மூன்று லட்சத்தை ஒட்டிய பெண்களின் முடிவுகள் தேவைப்பட்டன. உன்னிடம் இருப்பது சில நூறு பேர். தமிழ்நாட்டில் தொற்று இன்று அன்றைக்கும் கீழே. ஆகவே உன் குப்பங்களில் யாருக்கும் தொற்று இல்லை என்றால் அது திட்டத்தின் வெற்றி ஆகாது. ஒருத்திக்கு இருந்தால் தோல்வியும் ஆகாது. ‘புதுத் தொற்று பூஜ்யம்’ என்று அறிக்கையின் அட்டையில் போடச் சொல்வார்கள். போடாதே.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பெண்களிடம் தொற்று இறங்கியதற்கு, பாலியல் தொழிலாளர்களிடம் போகும் ஆண்கள் ஆணுறை அணியத் தொடங்கியது காரணமாக இருக்கலாம் என்றார்கள். மாறியது ஆண்கள்; பலன் தெரிந்தது வீட்டிலிருந்த பெண்களிடம். நீ பார்க்கப்போகும் திட்டமோ பாடம் முழுவதையும் பெண்ணுக்கே நடத்துகிறது. வலைக்குப் போகிற பையனிடம் யாராவது பேசினார்களா? கர்ப்பமான மனைவிக்கு ரத்தம் எடுத்தபோது கணவனுக்கும் எடுத்தார்களா? பொன்னேரி அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு ஒரு பெண் தனியாகப் போய்வர முடியுமா, இறால் கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும்போது அது திறந்திருக்குமா? கொசுக் கேள்விகளை எடுத்துவிட்டு இவற்றைப் போடு.

ஒப்பிடும் ஊர்களிலும் கவனம். தென்னாப்பிரிக்காவில் பள்ளிக்கு வந்தால் பணம் என்று இளம்பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவில், தொற்றில் வித்தியாசமே இல்லை. பணம் வாங்காத பெண்களும் ஏறக்குறைய அதே அளவு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்! இங்கே 2022 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. படிப்பு நீண்டு கல்யாணம் தள்ளிப்போனால், அந்தப் பெருமையை உன் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடாதே.

இனிக் களம். ஊர்த் தலைவரிடம் அனுமதி கேள். ஆனால் பெண்களை அவர் கூட்டித் தர விடாதே. அவர் அனுப்புகிறவர்கள் நன்றாகப் பதில் சொல்லும் பெண்களாக இருப்பார்கள். ஒற்றை அறை வீடு, திறந்த கதவு, திண்ணையில் இறால் உரிக்கும் மாமியார். அங்கே உட்கார்ந்து ஆணுறை பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? ‘தெரியாதுக்கா’ என்பாள். அதை அறியாமை என்று குறித்துக்கொள்வது அநியாயம். தனியாகப் பேச இடம் கிடைக்கும்வரை அந்தப் பக்கத்தைத் திறக்காதே.

பதினெட்டுக்குக் கீழ் உள்ளவளிடம் அவளுடைய சொந்தப் பாலியல் அனுபவத்தைக் கேட்கும் முன் யோசி. அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால், போக்சோ சட்டப்படி நீ புகார் செய்தாக வேண்டும். இதை அவளுக்குப் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல். அவள் சொன்ன பிறகு நீ சொல்வது துரோகம்.

அறிக்கையில் ஊர்ப் பெயர் வேண்டாம். ‘19 வயது, கல்யாணமானவர், இறால் கம்பெனி’ என்று எழுதினாலே குப்பத்தில் யார் என்று தெரிந்துவிடும். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. உன் அட்டவணையும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். கேள்வித்தாளைத் திருத்தி எனக்கு அனுப்பு. அதுவரை குப்பத்துக்குப் போகாதே.

அன்புடன்,
அக்கா